லெவல் 7 சீனியர் லீடர் அப்ரென்டிஸ்ஷிப்: கவுன்சில் வேலையோட செய்த ஆக்கள் இருக்கிறீங்களா?

வடலி | 4 நவம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில ஒரு கவுன்சிலில (உள்ளூராட்சி சபை) பார்க்கிங் பிரிவில பதினாலு வருசமா வேலை செய்யிறன். இப்ப பிஓ (பிரின்சிபல் ஒபிசர்) கிரேட். எனக்குக் கீழ ஒன்பது பேர். வயசு 43.

போன கிழமை மனேஜர் கூப்பிட்டு, லெவல் 7 சீனியர் லீடர் அப்ரென்டிஸ்ஷிப்பில (வேலை செய்துகொண்டே படிக்கிற, மாஸ்டர்ஸ் மட்டத்துத் தலைமைப் பயிற்சி) ஓர் இடம் இருக்கு, டிசம்பர் முதல் கிழமை தொடங்குது, பேர் குடுக்கவோ எண்டு கேட்டா. 2026 ஜனவரி 1க்குப் பிறகு தொடங்கினா எங்கட வயசு ஆக்களுக்கு லெவல் 7க்கு லெவிக் காசு (வேலை குடுக்கிறவை பயிற்சிக்கெண்டு கட்டிற வரி) கிடையாது எண்டதால இதுதான் கடைசி வண்டி எண்டும் சொன்னா.

ரெண்டு தரம் ஹெட் ஆஃப் சர்வீஸ் இன்டர்வியூவுக்குப் போனன். ரெண்டு தரமும் ஒரே பதில்தான் வந்தது: வேலை நல்லாத் தெரியும், ஆனா ஸ்ட்ராடஜிக்கா யோசிக்கிறது காணாது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை. அதுதான் என்னைத் தின்னுது.

சனிக்கிழமை பிள்ளையளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோறது நான். மனிசிக்குக் கிழமையில மூண்டு நாள் நைட் ஷிப்ட். அப்ரென்டிஸ் எண்ட சொல்லைக் கேட்டு ஊரில அம்மாவும் கவலைப்பட்டா, இவ்வளவு வருசத்துக்குப் பிறகு திரும்பவும் தொடக்கத்தில இருந்தோ எண்டு. செய்து முடிச்ச ஆக்கள் உண்மையைச் சொல்லுங்கோ. இது ஆளை மாத்துமா, இல்லை ஒரு சேர்ட்டிபிக்கட்டோட முடியுமா?


கணக்கப்பிள்ளை | 4 நவம்பர் 2025

முதலில் காசு விசயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் இன்னொரு கவுன்சிலின் நிதிப் பிரிவில் இருக்கிறேன்.

2017 ஏப்ரலில் இருந்து, வருடச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுண்டுக்கு மேல் போகும் எந்த நிறுவனமும் அதில் 0.5 வீதத்தை லெவியாகக் கட்டுகிறது. 15,000 பவுண்ட் கழிவு உண்டு. கவுன்சில்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. கவுன்சிலே சம்பளம் கொடுக்கும் பள்ளிக்கூட ஆசிரியர்களின் கணக்கும் இதில் சேரும். கட்டின காசு ஒரு டிஜிட்டல் கணக்கில் இருக்கும். 24 மாதத்துக்குள் பயிற்சிக்குச் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். ஆகவே உங்களை அனுப்புவதால் உங்கள் பிரிவின் பட்ஜெட்டில் இருந்து பயிற்சிக்கட்டணம் போகாது. இந்தப் பயிற்சிக்கு லெவியில் இருந்து எடுக்கக்கூடிய உச்சத் தொகை 14,000 பவுண்ட்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பயிற்சிக்கட்டணத்தில் ஒரு பென்னி கூட உங்களிடம் கேட்க முடியாது. முடித்துவிட்டு வேறு கவுன்சிலுக்குப் போனாலும் சரி, பாதியில் விட்டாலும் சரி, திருப்பிக் கட்டு என்று எழுதி வாங்க விதிமுறை இடம் கொடுக்கவில்லை. அப்படி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால் எச்.ஆரிடம் அந்த விதியைக் காட்டுங்கள்.

டிசம்பர் 31க்குள் தொடங்கினவர்களுக்கு முடியும் வரை காசு தொடரும். அந்தப் பயம் வேண்டாம்.


மூன்றாம்மாடி | 5 நவம்பர் 2025

தம்பி வடலி, நான் 2022 செப்டம்பரில தொடங்கி 2024 கடைசியில முடிச்சனான். கவுன்சில் வீடுகளின்ர ரிப்பேர்ஸ் பிரிவு. தொடங்கேக்க எனக்கு 49 வயசு. ஆறுதலா எழுதிறன், நீளமெண்டா மன்னியுங்கோ.

வகுப்புகள் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. நிதி, ஆட்சிமுறை, மாற்றத்தை நடத்திறது எண்டு மாசத்துக்கு ஒரு நாள். கடைசியில வெளி அமைப்பு ஒண்டில இருந்து வாற ஒரு மதிப்பீட்டாளருக்கு முன்னால உங்கட கவுன்சிலுக்கான ஒரு திட்டத்தை வைக்க வேணும், அதைப் பற்றி அவர் கேள்வி கேப்பார். பிறகு ரெண்டு வருசமாச் சேர்த்த போர்ட்போலியோவை (செய்த வேலைக்கான சான்றுகளின்ர தொகுப்பு) வைச்சு ஒரு நீண்ட உரையாடல். இதெல்லாம் ஆரும் படிச்சுச் செய்யலாம். என்னை மாத்தினது வேற ஒண்டு.

ஒவ்வொரு செவ்வாயும் காலமை ஒன்பதரைக்கு எங்களுக்கு ஒரு கூட்டம். பிந்திப்போன வேலைகளைப் பற்றினது. எந்த பிளாட்டில எந்தச் சுவர் ஈரம், எந்த வீட்டில கைக்குழந்தை இருக்கு, எந்த கொன்ட்ராக்டர் எத்தனை தரம் வராமல் விட்டவன், எல்லாம் எனக்கு மனப்பாடம். அதை நான் பெருமையா நினைச்சனான். மூண்டாம் மாசம் என்ர கோச் அந்தக் கூட்டத்துக்கு வந்து ஒரு மூலையில இருந்தா. முடிய ஒரு தாளைக் காட்டினா. அதில பதினேழு கோடு கீறியிருந்தது. வேற ஆளிட்டக் கேட்ட கேள்விக்கு நான் முந்திக்கொண்டு பதில் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு.

அடுத்த கிழமைக்கு அவ தந்த வேலை ஒண்டே ஒண்டுதான். முதல் அரை மணித்தியாலம் நான் வாய் திறக்கக்கூடாது. தம்பி, அது எனக்குப் பிள்ளை பெத்த நோவை விடப் பெரிசா இருந்தது. கேள்வி விழும், எல்லாரும் என்னைப் பார்ப்பினம், நான் மேசையைப் பார்ப்பன். பத்து நிமிசத்துக்குப் பிறகு, வந்து ஆறு மாசமே ஆன ஒரு சர்வேயர் பொடியன் மெல்லமாச் சொன்னான்: அந்த பிளாட்டுக்கு மூண்டு தரம் பூஞ்சணம் கழுவப் போயாச்சு, ஆனா பாத்ரூம் எக்ஸ்ட்ராக்டர் பான் வேலை செய்யுதா எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை. கழுவுறது ஒரு கொன்ட்ராக்ட், பான் இன்னொரு கொன்ட்ராக்ட். கழுவ ஒவ்வொரு தரமும் போறதுக்குத் தனித்தனியாக் காசு கட்டுறம்.

அவன் வந்த முதல் மாசமே கண்டுபிடிச்சிருக்கிறான். நான் ஒருநாளும் கேக்கேல்லை. அந்த வீட்டில ரெண்டு வயசுப் பிள்ளை இருந்தது. 2020 டிசம்பரில ரோச்டேலில பூஞ்சண வீட்டில இருந்து ரெண்டு வயசில செத்துப்போன அவாப் இஷாக்கின்ர பேர் அந்த நேரம் எல்லா ஹவுசிங் ஆக்களின்ர மனசிலயும் இருந்தது. நான் அண்டு பின்னேரம் காருக்குள்ள இருந்து அழுதனான்.

அதைத்தான் என்ர திட்டமா எடுத்தன். "எத்தனை வேலை முடிச்சம்" எண்டு எண்ணுறதை விட்டிட்டு, "ஒரே வீட்டுக்கு எத்தனை தரம் போனம்" எண்டு எண்ணத் தொடங்கினம். அதுக்காக நிதிப் பிரிவில போய் ஹவுசிங் ரெவனியூ அக்கவுண்ட் (கவுன்சில் வீட்டு வாடகைக்கான தனிக் கணக்கு) எண்டா என்ன, வாடகைக் காசைக் கவுன்சிலின்ர வேற செலவுக்குத் தொட ஏலாது எண்டா அதுக்குள்ள எதை எங்க நகர்த்தலாம் எண்டு படிச்சன். இருபது வருசம் அந்தக் கணக்கில இருந்து சம்பளம் எடுத்தும் நான் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. இப்ப ஒக்டோபர் 27இல இருந்து, அந்தப் பிள்ளையின்ர பேரில வந்த அவாப் சட்டம் நடைமுறைக்கு வந்திட்டுது. அவசர ஆபத்தெண்டா 24 மணித்தியாலம், பாரதூரமான ஈரம், பூஞ்சணத்துக்குப் பத்து வேலை நாளுக்குள்ள விசாரணை, விசாரிச்சு முடிஞ்சு அஞ்சு வேலை நாளுக்குள்ள வீட்டைப் பாதுகாப்பாக்க வேணும். வேற இடங்களில ஓடுப்பட்டுத் திரியினம். எங்கட ஆக்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கனவே கையில இருக்கு.


எதிர்க்கரை | 5 நவம்பர் 2025

மூன்றாம்மாடி அக்கா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை.

நான் இளைஞர் சேவையில் இருபது வருடம் வேலை செய்தவன். நான் முதலில் வேலை செய்த யூத் சென்டர் 2013இல் பூட்டப்பட்டது. இன்று இந்த நாட்டில் 16க்கும் 24க்கும் இடையில் படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் ஒன்பது இலட்சத்துக்கு மேல். அப்ரென்டிஸ்ஷிப் என்பது அவர்களுக்கான கதவு. ஏற்கனவே நல்ல சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள ஒருவருக்கு அதில் 14,000 பவுண்ட் செலவழிப்பது சரியா?

இது புதிய கேள்வியும் இல்லை. இதே பயிற்சி முதலில் எம்பிஏ பட்டத்தோடு 18,000 பவுண்டுக்கு நடந்தது. 2020இல் கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் இதை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். அதன் பிறகுதான் பட்டம் நீக்கப்பட்டு, தொகையும் குறைந்தது. இப்போது வயதெல்லை வருகிறது. நான் அந்த முடிவை ஆதரிக்கிறேன். தலைமைப் பயிற்சி வேண்டுமென்றால் கவுன்சில் தன் சொந்தப் பயிற்சிப் பட்ஜெட்டில் கொடுக்கட்டும்.


கணக்கப்பிள்ளை | 6 நவம்பர் 2025

எதிர்க்கரை, உங்கள் வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் சொந்தப் பயிற்சிப் பட்ஜெட் என்பது இப்போது பல கவுன்சில்களில் பெயரளவில்தான் இருக்கிறது. வெட்டும்போது முதலில் வெட்டுவது அதைத்தான்.

நான் நிதியில் இருப்பதால் எனக்கு நினைவுக்கு வருவது குரோய்டன். 2020 ஒக்டோபரில் வெளிக் கணக்காய்வாளர் கொடுத்த அறிக்கையில், நிலைமை எவ்வளவு மோசம் என்பதை ஒட்டுமொத்த நிர்வாகமும் சேர்ந்து காணாமல் இருந்தது என்று எழுதினார்கள். அடுத்த மாதமே செக்‌ஷன் 114 நோட்டீஸ், அதாவது வரவு செலவைச் சமப்படுத்த முடியாது என்ற அறிவிப்பு. பிறகு 2021இல் ஸ்லாவ், 2023இல் வோக்கிங், பேர்மிங்ஹாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறு: ஒன்றில் சொத்து வாங்கக் கடன், ஒன்றில் சம்பளச் சமத்துவ வழக்கு. அதன் பிறகு வெட்டப்பட்டது நீங்கள் சொல்லும் அதே யூத் சென்டர்களும் நூலகங்களும்தான். நடு மட்டத்தில் இருப்பவர்கள் கணக்கை வாசிக்கவும், மேலே இருப்பவரிடம் "இது சரிவராது" என்று எழுத்தில் சொல்லவும் பழகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.


எதிர்க்கரை | 6 நவம்பர் 2025

அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு லெவல் 7 தேவையா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. வடலி, நீங்கள் சேர்ந்தால் உங்கள் பிரிவில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் லெவல் 2 அல்லது 3 இடம் ஒன்று கேளுங்கள். அதே கணக்கில் இருந்துதான் அந்தக் காசும் வரும்.


காவிரிக்கரை | 7 நவம்பர் 2025

வணக்கங்க. நான் திருச்சி பக்கம், இப்போ மிட்லண்ட்ஸ்ல ஒரு கவுன்சில்ல ப்ரொக்யூர்மென்ட். போன வருஷம் சேர்ந்தேன். நம்ம ஊர்ல படிச்சவங்களுக்கு வர்ற சிக்கல் சிலது சொல்றேன், யாருக்காவது உதவும்.

முதல்ல, அப்போ இங்கிலீஷ், மேத்ஸ் லெவல் 2 சான்று கண்டிப்பா வேணும்னாங்க. இஞ்சினியரிங் முடிச்சுட்டு இங்க எட்டு வருஷம் வேலை பார்த்த பிறகும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி, வெளிநாட்டுச் சான்றை ஒப்பிட்டுச் சொல்ற யூகே எனிக்ல சமமான தகுதின்னு எழுதி வாங்கினேன். இப்போ 2025 பிப்ரவரியிலேர்ந்து 19 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு அது வேணுமா வேண்டாமான்னு வேலை தர்றவங்களே முடிவு பண்ணலாம். ஆனா நிறைய எச்.ஆர். ஆளுங்களுக்கு இந்த மாற்றம் இன்னும் போய்ச் சேரலை. கேட்டு வாங்குங்க.

அடுத்தது, நான் ஊர்ல எம்பிஏ முடிச்சிருந்தேன். அதனால தகுதி இல்லைன்னு ஒருத்தர் சொன்னார். அது சரியில்லைங்க. ஏற்கனவே அதே மட்டத்துல படிச்சிருந்தாலும், புதுசா கத்துக்க கணிசமா இருக்குன்னு காட்டினா போதும். தெரிஞ்ச பகுதியைக் கழிச்சு, கட்டணத்தையும் குறைப்பாங்க. விசாவுல இருக்கறவங்க இந்த நாட்டுல மூணு வருஷம் தொடர்ந்து இருந்திருக்கணும்கறதையும் பார்த்துக்கோங்க.


ஊர்க்குருவி | 8 நவம்பர் 2025

நான் விட்டிட்டு வந்தவன். அந்தக் கதையும் இங்க இருக்க வேணும்.

கிழமைக்கு ஆறு மணித்தியாலம் வேலை நேரத்திலேயே படிப்புக்கு எண்டு ஒப்பந்தத்தில இருந்தது. அஞ்சாம் மாசம் பிரிவைக் கலைச்சு வேற பிரிவோட சேர்த்தினம். என்னைச் சேர்த்துவிட்ட மனேஜர் போயிட்டார். புதுசா வந்தவவுக்கு நான் எதுக்குப் புதன்கிழமை காணாமல் போறன் எண்டு விளங்கேல்லை. முதல் ஒரு புதனை விட்டன், பிறகு ரெண்டு. அதுக்குப் பிறகு எல்லாம் இரவு பத்து மணிக்குப் பிறகுதான். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா நடக்கிற மீளாய்வில கோச் கேக்கேக்க, எல்லாம் சரி எண்டு சொன்னனான். மனேஜரும் பக்கத்தில இருந்து தலையாட்டினவ. பதினோராம் மாசம் விட்டிட்டன்.

இண்டைக்கு யோசிச்சா, தலைமை எண்டு படிக்கப் போன நானே என்ர ஆறு மணித்தியாலத்துக்காக வாய் திறக்கேல்லை. வடலி அண்ணை, அந்த நேரத்தை உங்கட டயறியில மட்டும் இல்லை, மனேஜரின்ர மனேஜருக்கும் தெரியிற மாதிரி எழுத்தில வாங்குங்கோ.


மழைக்கோட்டு | 9 நவம்பர் 2025

எனக்கு 29. எங்கள் கவுன்சிலில் டிசம்பரில் இடம் இல்லை. ஜனவரிக்குப் பிறகு ஏதும் வழி உண்டா?


கணக்கப்பிள்ளை | 9 நவம்பர் 2025

உண்டு. வயதெல்லை லெவல் 7க்கு மட்டும். லெவல் 6 சார்ட்டர்ட் மனேஜர் இருக்கிறது, முடித்தால் பட்டமும் கிடைக்கும். லெவல் 5 ஒபரேஷன்ஸ் மனேஜரும் இருக்கிறது. உங்களுக்குப் பட்டம் ஏற்கனவே இருந்தால் லெவல் 5 பொருத்தம் என்று நினைக்கிறேன், காலமும் குறைவு.


வடலி | 9 நவம்பர் 2025

எல்லாருக்கும் பெரிய நன்றி. மூன்றாம்மாடி அக்கா, நீங்கள் எழுதினதை மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். அந்தப் பதினேழு கோடு என்ர கூட்டத்தில முப்பதாவது வரும். ஆனா என்ர கேள்விக்கு இன்னும் பதில் தேடுறன். பார்க்கிங்கில ஸ்ட்ராடஜிக் எண்டா என்ன? நான் டிக்கெட், அப்பீல், பெர்மிட் எண்டு நாள் முழுக்க ஓடுறன். இதுக்குள்ள அது எங்க இருக்கு?


ஓய்வூர் | 10 நவம்பர் 2025

வடலி, நான் இரண்டு லண்டன் கவுன்சில்களில் போக்குவரத்துப் பிரிவில் இருந்து, உதவி இயக்குநராக ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு உங்கள் பிரிவிலிருந்தே பதில் சொல்கிறேன்.

பார்க்கிங்கில் செலவு போக மிஞ்சும் காசை எங்கே செலவழிக்கலாம் என்று 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. லண்டனில் அதன் பெரும் பங்கு முதியவர்கள் இலவசமாகப் பயணிக்கும் ஃப்ரீடம் பாஸுக்குப் போகிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் குழு மிக நன்றாக வேலை செய்து, எல்லாரும் ஒழுங்காக வண்டி நிறுத்தத் தொடங்கிவிட்டால் அபராதம் குறையும், மிச்சம் குறையும். ஆனால் பாஸின் செலவு குறையாது. அந்தப் பள்ளத்தை எதனால் நிரப்புவது? கட்டணத்தைக் கூட்டி நிரப்பலாமா? முடியாது. 2013இல் பார்னெட் கவுன்சில் வருமானத்துக்காகக் குடியிருப்போர் பெர்மிட் கட்டணத்தைக் கூட்டியது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்டர்வியூ குழுவில் நான் பலமுறை இருந்திருக்கிறேன். பார்க்கிங் ஆட்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் சென்ற மாதம் எத்தனை அபராதம் எழுதினோம் என்று சொல்வார்கள். எண் சரியாக இருக்கும். ஆனால் அந்த எண் மாறினால் வேறு யாருடைய வாழ்க்கை மாறும் என்பதையே நாங்கள் தேடிக்கொண்டிருப்போம். அது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. பதினாலு வருடம் அதற்குள் நிற்கிறீர்கள். யாரும் உங்களை அந்தக் கதவுக்கு வெளியே கூட்டிப்போய் நிற்கவைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. கவுன்சிலர்களோடு பேசப் பழகுங்கள். முடிவு அவர்களுடையது, ஆலோசனை உங்களுடையது. அவர்களுக்குப் பிடிக்காத ஆலோசனையை மரியாதையாக, ஒளிக்காமல், அறிக்கையில் பதிவாகும்படி சொல்வதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி. இந்தப் பயிற்சியில் யாராவது ஓர் இயக்குநரின் பின்னால் சில நாள் நிற்க இடம் கிடைத்தால், நிர்வாகத்தின் முடிவுகளைக் கேள்வி கேட்கும் கவுன்சிலர் குழுவான ஸ்க்ரூட்டினி கமிட்டிக்குப் போகும் நாளைக் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அப்ரென்டிஸ் என்பது கை பழகுவது. என் தகப்பனார் தச்சு வேலை பழகினது திருமணம் முடித்த பிறகு.


மூன்றாம்மாடி | 10 நவம்பர் 2025

ஓய்வூர் ஐயா, இதை 2022இல எனக்கு ஆரும் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

ஸ்க்ரூட்டினி பற்றி ஒண்டு. என்ர திட்டத்தை அங்க வைக்கேக்க ஒரு கவுன்சிலர் கேட்டார், "இதுக்கு முதல் ஏன் இதைச் செய்யேல்லை?" எண்டு. முந்தி எண்டா கொன்ட்ராக்டர், ஸ்டாஃப் இல்லை, கொவிட் எண்டு பத்துக் காரணம் சொல்லியிருப்பன். அண்டைக்கு, "நாங்கள் பிழையான எண்ணை எண்ணிக்கொண்டிருந்தம்" எண்டு சொன்னன். மண்டபம் அமைதியாகிட்டுது. பிறகு அவரே அடுத்த கேள்வியை எங்களுக்கு உதவிற மாதிரிக் கேட்டார்.


வடலி | 20 நவம்பர் 2025

அண்ணைமார், அக்காமார், பேர் குடுத்திட்டன். டிசம்பர் முதல் கிழமை தொடக்கம்.

ஊர்க்குருவி சொன்னபடி புதன் பத்தில இருந்து நாலு மணி வரைக்கும் எண்டு எழுத்தில வாங்கினன், இயக்குநருக்கும் பிரதி போயிருக்கு. கொன்ட்ராக்டரோட நடக்கிற புதன் கூட்டத்துக்கு இனி என்ர இடத்தில இன்னொராள் போவா. எதிர்க்கரை அண்ணை கேட்டதையும் கேட்டன். அப்பீல் மேசைக்கு லெவல் 3 பிஸ்னஸ் அட்மின் இடம் ஒண்டை ஏப்ரலில பார்ப்பம் எண்டு மனேஜர் சொல்லியிருக்கிறா. விடமாட்டன்.

திங்கட்கிழமை கூட்டத்தில நான் வாய் திறக்காமல் இருந்து பார்த்தன். ஒருத்தரும் கதைக்கேல்லை. ஆறு நிமிசம் அப்பிடியே போச்சு. கடைசியில நான்தான் பதில் சொன்னன். மனசு விட்டுப்போச்சு. ஆனா பின்னேரம் அப்பீல் மேசையில இருக்கிற பிள்ளை ஒராள் மெயில் போட்டிருந்தா: ஒரே தெருவில இருந்துதான் கனக்க அப்பீல் வருது, அங்க பார்க்கிங் பலகையை மரக்கொப்பு மூடியிருக்கெண்டு நினைக்கிறன், நீங்கள் பிஸியா இருந்தபடியா முந்திச் சொல்லேல்லை எண்டு.


மூன்றாம்மாடி | 20 நவம்பர் 2025

தம்பி, பதில் மெயில் போடாதேங்கோ. நாளைக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போங்கோ. பலகையை அவவே காட்டட்டும். வந்து அண்டிரவே அதை எழுதி வையுங்கோ, போர்ட்போலியோவின்ர முதல் பக்கம் அதுதான்.